ராகு காலத்துக்கு கீழ ரெண்டு வரி போடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மடிப்பாக்கத்துல இருந்து எழுதுறேன். உங்க பேப்பர் எங்க வீட்ல இருபது வருஷத்துக்கு மேல வருது, ஆனா லெட்டர் எழுதுறது இதான் ஃபர்ஸ்ட் டைம். தப்பு இருந்தா திருத்திக்கோங்க, ஆனா ரொம்ப வெட்டிடாதீங்க. கொஞ்ச நாள் முன்னாடி ஞாயிறு பக்கத்துல ஈசிஆர் பக்கம் கயாக் ஓட்டுறத பத்தி கலர் போட்டோவோட போட்டிருந்தீங்க இல்ல, விடியக்காலை வெளிச்சம், மஞ்சள் கலர் போட், அதுல சிரிச்சிட்டு ஒரு பொண்ணு. அத போட்டோ எடுத்து எங்க பிளாட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டது நான்தான். அதுக்கப்புறம் நடந்ததுல எனக்கும் பங்கு இருக்கு, உங்களுக்கும் கொஞ்சம் இருக்கு, அதனாலதான் இந்த லெட்டர். கடல் தண்ணி ஏறுற நேரத்தையும் இறங்குற நேரத்தையும் நீங்க தெனமும் போடணும்னு கேக்க வந்திருக்கேன், ஏன்னு சொல்றேன்.

குரூப்ல போட்ட அன்னைக்கு நைட்டே பதினஞ்சு பேர் ரெடி. வழக்கமா மோட்டார் ரிப்பேருக்கு ஆளுக்கு நூறு ரூபா கேட்டா ரெண்டு வாரம் பதில் வராத குரூப் சார் அது. ஆன்லைன்ல தேடி ஒரு இடத்துல புக் பண்ணோம், காலைல 7 டு 9 ஸ்லாட், ஆறு டபுள் கயாக், ஒரு கனோ. இடத்தோட பேரையும் நடத்துறவங்க பேரையும் சொல்லப்போறதில்ல, ஒருத்தர மாட்டிவிடுறதுக்கு நான் எழுதல. அரசு படகு இல்லம் இல்ல, தனியார், அவ்ளோதான். முட்டுக்காடு கோவளம் பக்கம், கடல் தண்ணி உள்ள வந்து போற கழியோரத்துல இப்ப இந்த மாதிரி நெறைய இருக்கு.

புக் பண்ண தேதி அமாவாசைக்கு மறுநாள், அதாவது பாட்டிமை, ஞாயித்துக்கிழமை. எங்க மாமியார் தினசரி காலண்டர பாத்துட்டு, பாட்டிமைல புதுசா ஒன்னும் ஆரம்பிக்க மாட்டாங்களேடி, அடுத்த வாரம் போனா என்னன்னாங்க. அத்தை, பணம் கட்டியாச்சு, ரீஃபண்ட் கிடையாதுன்னு சொன்னேன். சரி ஞாயித்துக்கிழமை எமகண்டம் பன்னெண்டு டு ஒன்னரை, அதுக்குள்ளயாவது கரை ஏறிடுங்கன்னு சொல்லிட்டு எலுமிச்சம்பழம் ஒன்னு பைல போட்டு விட்டாங்க. நான் சிரிச்சேன். இத மட்டும் ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வரேன்.

ஒரு விஷயம் சொல்லணும். இவ்ளோ பெரிய ஊர்ல ஆறு இருக்கு, அடையாறு, கூவம், வடக்க கொசஸ்தலையாறு, நடுவுல பக்கிங்காம் கால்வாய், ஆனா பதினஞ்சு பேர் ஒரு போட்ல ஏறணும்னா வேன் புடிச்சு ஈசிஆருக்குத்தான் ஓடணும். அடையாத்துல துடுப்பு போடுற கிளப் 1867லயே ஆரம்பிச்சது, இன்னைக்கும் காலைல பாலத்து மேல இருந்து பாத்தா ஒல்லியா நீளமா போட்டுங்க போறது தெரியும், அது மெம்பருங்களுக்கு. எங்க மாமனார் 70கள்ல கூவத்துல படகு விட்டப்ப போயிருக்கேன்னு சொல்லுவாரு, நாங்க யாரும் நம்ப மாட்டோம், அப்புறம் பாத்தா நிஜமாவே விட்டிருக்காங்க, படகுத்துறைலாம் கட்டியிருக்காங்க. கட்டுமரம்ங்கிற வார்த்தைய உலகத்துக்கே குடுத்த ஊர் வேற. சரி அத விடுங்க, அது தனி லெட்டர்.

நாங்க போய் சேர்ந்ததே எட்டு மணி. வேன்காரர் லேட், ஏ பிளாக் ஃபேமிலி இட்லி பார்சல் வாங்க நின்னது லேட், கழியோரத்துல செல்ஃபி எடுத்தது லேட். லைஃப் ஜாக்கெட் குடுத்தாங்க, அத பாராட்டி சொல்லணும், போடாம யாரையும் தண்ணில இறக்கல. 2011ல கிறிஸ்துமஸ் அன்னைக்கு பழவேற்காட்டுல படகு கவுந்து 22 பேர் செத்தது எனக்கு இன்னைக்கும் கண்ணுல நிக்குது, அந்த படகுல யாருக்கும் ஜாக்கெட் இல்ல. எங்களுக்கு இருந்துச்சு. ஆனா எட்டு வயசு பையனுக்கும் பெரிய ஆளு சைஸ்தான், தோள்பட்டைய புடிச்சு மேல தூக்கி பாத்தேன், ஜாக்கெட் மட்டும் காது வரைக்கும் வருது, பையன் உள்ள தொங்குறான். கயிறு வாங்கி இடுப்புல ரெண்டு சுத்து சுத்தி கட்டினோம்.

கயாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். அதுக்கு துடுப்பு ரெண்டு பக்கமும் தகடு வச்சது, இடது வலதுன்னு மாத்தி மாத்தி போடணும். கனோவுக்கு ஒத்தை தகடு, நம்ம வள்ளத்து துடுப்பு மாதிரி, ஒரே பக்கம் போட்டுட்டே இருந்தா செக்குமாடு மாதிரி சுத்தும், எங்க செக்ரட்டரி அங்கிள் ஃபேமிலி முதல் கால் மணி நேரம் அததான் பண்ணாங்க. வாடகைக்கு குடுக்குற கயாக் மூடாம மேல உக்காருற டைப், உக்காருற எடத்துல வரிசையா ஓட்டை இருக்கும், அது வழியா தண்ணி மேல வரும், என் எதிர்வீட்டு அக்கா ஓட்டை ஓட்டைன்னு கத்தி அரை ஊர கூட்டிட்டாங்க. அது தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டையாம், அதனால முழுகாதாம். டபுள் கயாக்ல பின்னாடி உக்காந்தவங்கதான் திருப்பணும், முன்னாடி இருக்கிறவங்க தாளம் தப்பாம போடணும். புருஷன் பொண்டாட்டி ஒரே கயாக்ல ஏறாதீங்க, இது என் சொந்த கருத்து.

ஒன்பதே காலுக்குத்தான் கடைசி கயாக் தண்ணில இறங்குச்சு. சார், அந்த முதல் அரை மணி நேரம் இருக்கே. தண்ணி கண்ணாடி மாதிரி நிக்குது, ஒரு அசைவு கிடையாது. தூரத்துல கூழைக்கடா நாலஞ்சு மிதக்குது. கயாக் பக்கத்துலயே மடவை மீன் துள்ளுது, ஒன்னு ஒரு முழம் உயரத்துக்கு துள்ளி என் துடுப்பு மேலயே விழுந்து போச்சு. மழை பேஞ்சா எங்க மடிப்பாக்கம் தண்ணி பள்ளிக்கரணை சதுப்புக்கு போய், ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல விழுந்து, இங்கதான் வந்து கடல்ல சேருது. அதாவது எங்க தெரு தண்ணிக்கு மேலதான் நாங்க காசு குடுத்து போட் ஓட்டிட்டு இருந்தோம். ரெண்டு தடவ துடுப்புல பால் கவர் மாட்டுச்சு, யார் வீட்டு கவரோ.

அப்ப கரையோரமா நாலஞ்சு பொம்பளைங்க தண்ணில இறங்கினாங்க, எறா தடவுறவங்க. எறா போடுற பறிக்கூடைய பல்லால கடிச்சிக்கிட்டு, ரெண்டு கையையும் அடியில விட்டு சேத்த தடவிட்டே நகருறாங்க. நாங்க போட்டோ எடுத்தோம். அவங்க அந்த நேரத்துக்கு இறங்குறாங்கன்னா தண்ணி வத்த, அதாவது கடலுக்கு இறங்க, ஆரம்பிக்கப் போகுதுன்னு அர்த்தம்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. எங்க கூட வந்த கைடு பையனுக்கும் தெரியாது. நல்ல பையன், இருபது வயசு இருக்கும், வெளியூர்ல இருந்து வந்து வேலைக்கு சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுதாம், பதினஞ்சு பேருக்கு அவன் ஒருத்தன்.

கடல் பக்கம் இருக்கிற பாலத்துக்கிட்ட போலாம்னு யாரோ சொன்னாங்க, போனோம். அப்பா என்ன ஈஸியா இருக்குன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். துடுப்பு போடாமலே போகுது. எங்க வீட்டுக்காரர் துடுப்ப மடியில வச்சிட்டு பாட்டு வேற பாடினாரு. நமக்கு பழகிடுச்சு போலன்னு நெனச்சோம் சார், அதான் காமெடி. தண்ணி எங்கள கூட்டிட்டு போயிட்டு இருந்துச்சு.

பாலத்து தூண் நல்லா பெருசா தெரியுற தூரத்துக்கு வந்தப்பதான் கைடு பையன் முகம் மாறுச்சு. தூணுக்கு நடுவுல தண்ணி ஒடுங்கி சளசளன்னு ஓடுது, சத்தமே கேக்குது. திரும்புங்க திரும்புங்கன்னான். திருப்பினோம். துடுப்பு போட்டோம். அங்க வலை கட்டுறதுக்கு ஒரு குச்சி நட்டு வச்சிருந்தாங்க, அது மேல ஒரு நீர்க்காகம் றெக்கைய விரிச்சு காய வச்சிட்டு உக்காந்திருந்துச்சு. பத்து நிமிஷம் மூச்சு வாங்க போட்டுட்டு திரும்பி பாக்குறேன், அதே குச்சி, அதே காக்கா, என் கைக்கு எட்டுற தூரத்துல. அது என்னைய பாக்குது. நான் அத பாக்குறேன். அந்த காக்கா மூஞ்சிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அதுக்குள்ள கடக்காத்து எழும்பிடுச்சு. காத்து கடல்ல இருந்து உள்ள வருது, தண்ணி உள்ள இருந்து கடலுக்கு போகுது, ரெண்டும் எதிர் எதிரா மோதுனதுல குட்டி குட்டியா அலை எழும்பி எல்லா கயாக்கும் ஆட ஆரம்பிச்சிடுச்சு. எங்களுது மட்டும் நகரவே மாட்டேங்குது, கல்லு மாதிரி கனக்குது, ஒரு பக்கமா சாயுது. வெயிட் ஜாஸ்தி அக்கான்னு கைடு சொன்னான். என் வெயிட்ட பத்தி நடு கழியில பேச வேண்டியதா போச்சு. பின்னாடி கயாக்ல இருந்த சின்னப்பையன் அழ ஆரம்பிச்சிட்டான், அவங்கம்மா ஒன்னுமில்லடா ஒன்னுமில்லடான்னு சொல்லிட்டே அவங்களும் அழுறாங்க.

ஓரமா வீச்சு வலை போட்டுட்டு இருந்த ஒரு மீனவர்தான் எங்கள பாத்துட்டு கோல ஊனி வந்தாரு. அறுபது வயசு இருக்கும், சின்ன ஃபைபர் போட். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா இது, வத்தத்துல வந்து பாலத்துக்கு போறீங்க, யாரும் சொல்லலியா?" அப்புறம், "நடுவுல நிக்காத, நடுவுலதான் இழுப்பு, ஓரத்துக்கு வா, ஓரமா போனா தண்ணி வுடும்." அவ்ளோதான் சார் சூட்சுமம். அவர் சொன்ன மாதிரி ஓரத்துக்கு நகந்ததும் பாதி கயாக் தானா முன்னாடி போக ஆரம்பிச்சிடுச்சு. தண்ணில கால வைக்காதீங்க, ஆளி ஓடு, அதான் சிப்பி, கிழிச்சிடும்னும் சொன்னாரு, அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் வச்சு கிழிச்சிக்கிட்டாரு. எங்களுதையும் இன்னும் ரெண்டு கயாக்கையும் கயித்துல வரிசையா கட்டி அவரே இழுத்துட்டு வந்தாரு.

கரை ஏறுனப்ப மணி பதினொன்னே முக்கால். எமகண்டத்துக்கு கால் மணி நேரம் முன்னாடி.

கயாக்க கரைல ஏத்தி ஒருக்களிச்சப்ப பின்பக்கத்துல இருந்து மொளமொளன்னு தண்ணி கொட்டுது, நிக்கவே இல்ல, ரெண்டு மூணு குடம் இருக்கும். உள்கூட்டுல தேங்குற தண்ணிய வடிக்க பின்னாடி ஒரு துவாரம் இருக்குமாம், அதுக்கு திருகு மூடி இருக்கணும். மூடிக்கு பதிலா செருப்ப வெட்டி ஒரு துண்ட செருகி வச்சிருந்தாங்க. நீலக் கலர் ஹவாய் செருப்பு. நான் என் வெயிட்டுனுல்ல நம்பிட்டு வந்தேன். நடத்துறவங்ககிட்ட காமிச்சேன், சாரி மேடம்னாங்க, அடுத்த வாட்டி டிஸ்கவுண்ட் தர்றதா சொன்னாங்க.

ஆனா இந்த லெட்டர் அந்த செருப்புத்துண்ட பத்தி இல்ல. அத காசு குடுத்து சரி பண்ணிடலாம். நான் சொல்ல வந்தது அந்த மீனவர் கேட்ட கேள்வி, யாரும் சொல்லலியாங்கிறது.

அவருக்கு டீ வாங்கி குடுத்து உக்கார வச்சு கேட்டேன். கடல் தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறும், அது ஏத்தம், ரெண்டு தடவ இறங்கும், அது வத்தம். தெனமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல தள்ளித் தள்ளி வரும், இன்னைக்கு ஒன்பதுன்னா நாளைக்கு ஒன்பதே முக்கால், பத்து. அமாவாசை பௌர்ணமிக்கும் அடுத்த ஒன்னு ரெண்டு நாளைக்கும்தான் ஏறுறதும் பெருசு, வத்துறதும் பெருசு. அஷ்டமி பக்கம் சோம்பலா கெடக்கும். அப்புறம் மொகத்துவாரம், அதான் கழி கடல்ல சேர்ற வாய், தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்கணும். மழைத்தண்ணி வெட்டிட்டு போனதுக்கப்புறம் தொறந்திருக்கும், அப்ப இழுக்கும். கோடையில மணல் அடைச்சிக்கிச்சின்னா குட்டை மாதிரி நிக்கும், அப்ப பச்சக்கொழந்த கூட ஓட்டலாம்மான்னாரு. துறைமுகத்துல ஏறுற நேரம் வேற, அது கழிக்குள்ள வந்து சேர்ற நேரம் வேற, கொஞ்சம் பிந்தும், அதையும் கணக்குல வச்சிக்கணும்.

நம்ம சென்னைல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் பெரிய நாள்லயே ஒரு மீட்டர் சுமார்தான் சார், கடற்கரைல நின்னு பாத்தா தெரியக்கூட தெரியாது, அதனாலதான் சென்னைக்காரங்க யாருக்கும் இந்த வார்த்தையே வாய்ல வர்றதில்ல. ஆனா அவ்ளோ அகலமான கழியில ஏறுன தண்ணி மொத்தமும் சின்ன வாய் வழியா ஆறு மணி நேரத்துல வெளிய போகணும்னா எப்படி இழுக்கும்னு யோசிச்சு பாருங்க. ஸ்லாட் போட்டு விக்கிறவங்க வருஷம் பூரா 7 டு 9, 9 டு 11னு ஒரே மாதிரி விக்கிறாங்க. கடிகாரம் பாத்து புக்கிங், நிலாவ பாத்து தண்ணி.

இப்ப மாமியார் விஷயத்துக்கு வரேன். பாட்டிமை வேணாம்னாங்க, தண்ணி அதிகமா இழுக்குற நாள் அதான். பன்னெண்டுக்குள்ள கரை ஏறுன்னாங்க, அதுவாவது ஒரு திரும்புற நேரம், எங்களுக்கு வேற யாரும் அந்த மாதிரி ஒரு நேரமே குடுக்கல. அவங்க சொன்ன காரணம் வேற, அது எனக்கு தெரியும், ஜோசியம் பலிச்சுதுன்னு நான் எழுதல, அவங்ககிட்ட போய் இத சொல்லிடாதீங்க, ஏற்கெனவே தாங்க முடியல. அவங்க கையில காலண்டர் இருந்துச்சு, அதுல திதி இருந்துச்சு, திதி பாக்கத் தெரிஞ்ச யாருக்கும் ஏத்தவத்தம் புரிஞ்சிக்கிறது அஞ்சு நிமிஷ வேலை. அந்த மீனவரும் திதி வச்சுத்தான் சொல்றாரு.

அதனால உங்ககிட்ட ஒரு கோரிக்கை. தெனமும் ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம் போடுறீங்க. தங்கம் வெள்ளி விலை போடுறீங்க. மழைக்காலத்துல செம்பரம்பாக்கம் புழல் பூண்டி நீர்மட்டம் போடுறீங்க, அத பாத்துத்தான் நாங்க 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கார எங்க நிறுத்துறதுன்னே முடிவு பண்றோம். அந்த எடத்துலயே, ராகு காலத்துக்கு கீழ ரெண்டே வரி, இன்னைக்கு சென்னைக்கு ஏத்தம் எத்தன மணிக்கு, வத்தம் எத்தன மணிக்குன்னு போடுங்க. கணக்கு யாரும் புதுசா போட வேணாம், சர்வே ஆஃப் இந்தியா வருஷா வருஷம் அட்டவணை வெளியிடுறாங்க, அதுல சென்னை துறைமுகம் இருக்கு. ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ் காத்து அலை எல்லாத்தையும் தெனமும் சொல்றாங்க. எல்லாம் இருக்கு, நம்ம கண்ணுல படுற எடத்துல இல்ல, அவ்ளோதான். ஆப்ல இருக்கேன்னு எங்க பையன் சொல்றான். இருக்கும்டா, அத தேடணும்னு தோணணும்ல, ராகு காலத்த நான் தேடியா பாக்குறேன், டீ குடிக்கிறப்ப கண்ணுல படுது.

போட் விடுற எடத்துலயும் ஒரு கரும்பலகை வைக்கட்டும். இன்னைக்கு எத்தன மணிக்கு வத்தம், மொகத்துவாரம் தொறந்திருக்கா, எத்தன மணிக்கு மேல பாலத்து பக்கம் போகக்கூடாது, இவ்ளோதான். எழுதுறதுக்கு அந்த ஊர் மீனவர் ஒருத்தருக்கு சம்பளம் குடுத்து வைங்க, நாங்க குடுத்த ஸ்லாட் காசுல அது ஒரு பெரிய தொகையா இருக்காது. அந்தப் பெரியவர் எழுதப் படிக்கத் தெரியாதுன்னாரு. அவர் சொல்லட்டும், கைடு பையன் எழுதட்டும், அவனும் கத்துக்குவான்.

எங்கள இழுத்துட்டு வந்ததுக்கு காசு குடுத்தோம், வாங்க மாட்டேன்னுட்டாரு. அவர்கிட்ட இருந்த மடவை ரெண்டு கிலோ வாங்கினோம், அதுல ஒரு ரூபா குறைக்கல. மாமியார் கொழம்பு வச்சாங்க, பிரமாதம்.

மறுபடியும் போலாம்னு குரூப்ல இப்பவே பேச்சு ஆரம்பிச்சிருக்கு சார், அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. அது அஷ்டமி பக்கமா வருதான்னு பாத்து சொல்ல சொல்லி காலண்டர மாமியார் கையில குடுத்திருக்கேன். அஷ்டமி நவமில யாருடி வெளிய கிளம்புவாங்கன்னு ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்குள்ள நீங்க அந்த ரெண்டு வரிய போட ஆரம்பிச்சிட்டீங்கன்னா எனக்கு பேச ஒரு ஆதாரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
மடிப்பாக்கம், சென்னை